குவிய வளையத்தில் ஒரு பொட்டு

செப்டம்பர் 29, திங்கள்

ஆய்வகக் குறிப்புகளுக்காக வாங்கிய நோட்டு இது. தொட்டியின் வெப்பநிலை, படம் எடுத்த நேரம், உப்பின் அளவு, இவை மட்டும்தான் இருக்க வேண்டும் என்று என் நெறியாளர் எபனேசர் சார் சொல்லியிருந்தார். அதற்கு வேறொரு நோட்டு போட்டுக்கொள்கிறேன். இதில் புலம்பப் போகிறேன்.

பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நவம்பர் 28, வெள்ளி, மாலை ஐந்து மணி. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. எட்டு வருடமும் இரண்டு நீட்டிப்பும் முடிந்துவிட்டன. மூன்றாவது கிடையாது. நாற்பத்தாறு வயதில் மறுபடி முதலிலிருந்து பதிவு செய்ய எனக்குத் தெம்பு இல்லை.

பாக்கி இருப்பது ஒரே ஒரு சோதனை. உப்புத் தண்ணீருக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்று கேமராவால் அளப்பது. ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குப் பின்னால் சுவரில் ஆயிரக்கணக்கான கறுப்புப் புள்ளிகள் அச்சிட்ட தாள். முன்னால் கேமரா. முதலில் தொட்டியில் நல்ல தண்ணீரை நிரப்பி ஒரு படம். அதுதான் ஆதாரப் படம். பிறகு அடியில் தூத்துக்குடி உப்பளத்து நீரை மெதுவாக இறக்கிவிட்டு நாளுக்கு ஒரு படம். உப்பு மேலே பரவப் பரவ ஒளியின் வளைவு மாறும். பின்னால் உள்ள புள்ளிகள் மேல்கீழாக நகர்ந்ததுபோல் தெரியும். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று ஆதாரப் படத்தோடு ஒப்பிட்டுக் கணினி அம்புக்குறிகள் போடும். அம்பின் நீளம்தான் என் அளவு.

இதில் கேமரா மயிரிழை மாறினாலும் எல்லாம் வீண். அதனால் கதவில் ஒட்டிவிட்டேன்: ‘கேமராவை யாரும் தொடக் கூடாது.’ தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு தாளுக்கு ஒரு வார்த்தை என்று நான்கு தாள் ஆயிற்று. என் மகள் ஆதிரை அதன் போட்டோவைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பதினொன்றாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்கு எல்லாமே சிரிப்பு.

ஆதாரப் படம் எடுத்தாயிற்று. அருமையாக வந்திருக்கிறது. லென்சின் வளையத்தைத் திருகிக் குவியத்தைச் சரிசெய்ய மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. தானாகக் குவித்துக்கொள்ளும் வசதி கேமராவில் உண்டு. அதை அணைத்துவிட்டேன். இந்த மாதிரி வேலையில் இயந்திரத்தை நம்ப முடியாது.

செப்டம்பர் 30, செவ்வாய்

முற்பகல் முழுவதும் உப்பு நீரை இறக்கும் வேலை. மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக. கழுத்து போய்விட்டது.

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் இன்று மதியமே நான் பாடம் நடத்தும் கல்லூரியில் பூஜை. எங்கள் ஆய்வகத்து அட்டெண்டர் பேச்சித்தாய் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் குழைத்துக்கொண்டு சுற்றிவந்தாள். இருபத்து நான்கு வருடமாக இங்கே இருப்பவள். கண்ணாடியைக் கறுப்புக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். தராசு, மின்கலம், பீரோ, என் நாற்காலி என்று எதையும் விடவில்லை. நான் கைகழுவிவிட்டு வருவதற்குள் கேமராவுக்கும் வைத்துவிட்டாள். அதுவும் லென்சில், திரும்புகிற குவிய வளையமும் அசையாத லென்ஸ் குழாயும் சேருகிற இடத்தில்.

கொதித்துப்போனேன். நான்கு தாளில் ஒட்டியிருப்பது கண்ணுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். “மிளகுக்கண்டி அளவுதான் மேடம் வச்சிருக்கேன். அசக்காமத்தான் வச்சேன்,” என்றாள். துடைக்கச் சொல்ல வாயெடுத்தேன். துடைத்தால் வளையம் திரும்பிவிடும். பேசாமல் விட்டுவிட்டேன். எட்டு வருட ஆராய்ச்சி, நெற்றியில் பொட்டோடு நிற்கிறது.

அக்டோபர் 3, வெள்ளி

இரண்டு நாள் விடுமுறை கழிந்து வந்து பார்த்தால் படம் மங்கல். திரையில் ஒரு புள்ளிக்கும் விளிம்பு இல்லை. யாரோ வளையத்தைத் திருகியிருக்கிறார்கள். இருந்த இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்துவிட்டுப் படம் எடுத்தேன். நல்லவேளையாக எனக்கு அந்த இடம் தெரியும்.

அக்டோபர் 6, திங்கள்

மறுபடியும் மங்கல். மறுபடியும் திருப்பி வைத்தேன்.

அக்டோபர் 7, செவ்வாய்

மறுபடியும்.

அக்டோபர் 9, வியாழன்

காலை நேரத்தில் மோசம். பதினொரு மணிக்கு மேல் ஜன்னல் வெளிச்சம் வந்தால் பரவாயில்லை. மாலையில் நான் கிளம்பிய பின் பேச்சித்தாய்தான் கூட்டிப் பூட்டுகிறாள். கேமராவைத் தொட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்று ஒரே வார்த்தை. சொல்லும்போது என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பதில் பிடிக்கவில்லை, பார்வை அதைவிடப் பிடிக்கவில்லை.

வீட்டில் சமையலறை விளக்கை மாற்றச் சொல்லி ஒரு வாரமாயிற்று. என் கணவர் குற்றாலிங்கம் மாற்றியாயிற்று என்கிறார். மின்வாரியத்தில் வேலை பார்க்கிறவர் வீட்டிலேயே இருட்டு. சாப்பாட்டில் இரண்டு கல். அரிசிக்கடையைத்தான் மாற்ற வேண்டும்.

அக்டோபர் 11, சனி

குற்றாலிங்கம் எனக்குத் தெரியாமல் கண் ஆஸ்பத்திரியில் பத்து மணிக்குச் சொல்லிவைத்திருக்கிறார். எனக்குத் தொட்டியில் படம் எடுக்க வேண்டியிருந்தது. பதினைந்து நாளில் இரண்டாவது முறை இப்படி. “நீ வரலைன்னா நான் போய் உன் நம்பருக்கு உக்காந்துட்டு வாரேன்,” என்றார். போய்த் தன் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். அவருக்கு ஒரு குறையும் இல்லையாம். வாழ்த்துகள்.

அக்டோபர் 14, செவ்வாய்

அம்மாவோடு பேசினேன். அண்ணன் வீட்டில் குளியலறைக் கதவை வேறு பக்கம் திறக்கிற மாதிரி மாற்றிவிட்டார்களாம். கைப்பிடி எங்கே இருக்கிறது என்று பழக மூன்று நாள் ஆனது என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். அம்மா என் வயதில்தான் எழுத்து கொஞ்சம் கலங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

தொட்டி வெப்பநிலை 29.4. படம் பதினொன்று இருபதுக்கு.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஆய்வகம். காவலாளி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு முறுக்கு கொடுத்தார். வளையம் இன்றும் சரியில்லை.

அக்டோபர் 23, வியாழன்

எடுத்த படங்களையெல்லாம் இன்றுதான் கணினியில் ஓட்டினேன். ஓட்டாமலே இருந்திருக்கலாம்.

உப்பு அடுக்கடுக்காக நிற்கிற தொட்டியில் அம்புகள் மேல்கீழாகத்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வளைய ஒளிக்கு ஒரு காரணமும் கிடையாது. இங்கே நடுவில் மட்டும் அம்புகள் ஒழுங்காக நிற்கின்றன. ஓரம் போகப் போகப் பூ விரிந்த மாதிரி நாலா பக்கமும் பறக்கின்றன. ஒரு நாள் வெளியே விரிகின்றன, மறுநாள் உள்ளே சுருங்குகின்றன. பதினெட்டு நாள் படங்களிலும் இதே கதை. ஆய்வேட்டில் இதைப் போட்டால் தேர்வாளர் முதல் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுவார்.

இன்னும் முப்பத்தாறு நாள். மறுபடி செய்ய நேரமில்லை.

கூட்டும்போது மேசையில் இடித்திருக்கிறாள். அல்லது வேண்டுமென்றே திருகியிருக்கிறாள், பூஜையன்று நான் திட்டியதற்காக.

அக்டோபர் 24, வெள்ளி

முதல்வருக்குக் கடிதம் கொடுத்தேன். ஆய்வக உதவியாளர் பேச்சித்தாய் எச்சரித்தும் கருவியில் கைவைப்பதால் ஆராய்ச்சி பாதிக்கப்படுகிறது, வேறு துறைக்கு மாற்ற வேண்டும். நான்கே வரி. கையெழுத்துப் போடும்போது ஏனோ இரண்டாவது வரியை மட்டும் மறுபடி படித்தேன். தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

பேச்சித்தாயை வேதியியல் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். சாவியை என் மேசையில் வைத்தாள். கூடவே ஒரு பட்டியல்: எந்தப் பீரோ இழுத்தால்தான் திறக்கும், எந்தக் குழாய் சொட்டும், எந்த ஜன்னலில் மழை அடிக்கும். நல்ல பென்சிலில் எழுதியிருக்க வேண்டியதுதானே, ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆதிரையை வாசிக்கச் சொல்ல வேண்டும்.

புதுப் பூட்டு போட்டாயிற்று. சாவி என்னிடம் மட்டும்.

அக்டோபர் 28, செவ்வாய்

படம் மங்கல்.

அக்டோபர் 30, வியாழன்

கல்லூரிக்குப் பின்னால் புதுப் பாலம் கட்டுகிறார்கள். நாள் முழுக்க லாரி. அந்த அதிர்வில் வளையம் தானாக நகருகிறது என்று நினைக்கிறேன். கையால் திருகினாலே கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிற வளையம்தான். ஆனால் லாரிகள் பெரியவை.

எழுதிவிட்டு மேலே உள்ள பத்தியை நானே இரண்டு முறை படித்தேன்.

நவம்பர் 3, திங்கள்

எபனேசர் சார் வந்தார். மழையில் நனைந்து, குடையைக் கதவில் சாய்த்துவிட்டு, அம்புப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பேச்சித்தாய் மேசையை இடித்ததைப் பற்றியும் லாரிகளைப் பற்றியும் நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவர் பென்சிலை எடுத்து ஒரு தாளில் சில அம்புகள் வரைந்தார்.

“மேசைய இடிச்சா எல்லா அம்பும் ஒரே பக்கம் போகும் பொற்கொடி. இது விரியுது. படமே பெருசாகி இருக்கு. யாரோ குவியத்தை மாத்தியிருக்காங்க.”

அதைத்தானே நானும் சொல்கிறேன், பேச்சித்தாய்தான் என்றேன். அவள் போன பிறகு எடுத்த படங்கள் எங்கே என்று கேட்டார். கொடுத்தேன். அவையும் விரிந்திருந்தன.

சாவி யாரிடம் என்று கேட்டார்.

நான் தொட்டியின் வெப்பநிலையைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

நவம்பர் 4, செவ்வாய்

காலையில் வேதியியல் கிடங்குக்குப் போனேன். பேச்சித்தாய் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் வர முடியுமா என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு கூடவே வந்தாள். வாசலில் நின்றவள் கதவில் ஒட்டியிருந்ததைக் காட்டி, உள்ளே வரலாமா என்று கேட்டாள். அது குத்தல்தான். நியாயமான குத்தல்.

கடைசியாக அவள் லென்சைப் பார்த்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். கழுத்தில் தொங்கிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தொடாமல், கைகளைப் பின்னால் கட்டியபடி குனிந்து பார்த்தாள்.

“பொட்டு ரெண்டா கெடக்கே,” என்றாள்.

நான் குனிந்தேன். சிவப்பாக ஏதோ ஒரு கலங்கல் தெரிந்தது. விளக்கைப் போட்டேன். தலையைப் பின்னால் இழுத்தேன். முன்னால் கொண்டுபோனேன். பேச்சித்தாய் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கயிற்றோடு கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

போட்டேன். லென்சில் பொறித்திருக்கும் எண்கள் ஒவ்வொன்றும் எழுந்து நின்றன. வெள்ளை எழுத்தின் ஓரத்தில் பெயின்ட் உரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. காய்ந்த குங்குமத்தில் ஒரு பாதி குழாயில் இருந்தது. மறுபாதி வளையத்தோடு போய்ச் சுண்டுவிரல் அகலம் தள்ளி நின்றது.

ஆதாரப் படம் எடுத்த மறுநாள் வைத்த பொட்டு. அன்று ஒன்றாக இருந்தது.

“நான் பொட்டு வச்ச எடத்த நானே திருகுவேனா மேடம்?” என்றாள். சத்தம் போடவில்லை. “நீங்கதான் தெனமும் காலையில வந்ததும் திருகுதீக. திரையப் பாக்கது, திருகது, தள்ளி நின்னு பாக்கது, மறுபடி திருகது. நான் தொடப்பத்தோட நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பெரிய படிப்பு படிச்சவுக, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சேன்.”

அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன்.

“கேட்டீகளா? தொட்டியான்னு கேட்டீக. இல்லன்னேன்.”

அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கையில் காய்ந்த சந்தனம் உதிர்ந்து ஒட்டியது.

நவம்பர் 5, புதன்

ஒழுங்காக எழுதிவிடுகிறேன். படம் ஒரு நாளும் தானாக மங்கவில்லை. திரை எனக்கு மங்கியது. ஒவ்வொரு காலையும் யாரோ கலைத்ததைச் சரிசெய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நானே கலைத்தேன். குவியத்தை மாற்றினால் படத்தின் அளவும் கொஞ்சம் மாறும் என்பதை முதலாண்டு மாணவிகளுக்குச் சொல்லித்தருகிறவள் நான்தான்.

இருபத்து மூன்று நாள் இருக்கிறது.

மாலையில் ஒன்று தோன்றியது. தொட்டியைவிடப் புள்ளித் தாள் அகலம். அதனால் ஒவ்வொரு படத்திலும் இரு பக்கமும் ஒரு பட்டை அளவுக்குப் புள்ளிகள் தொட்டி வழியாக இல்லாமல் நேராகக் காற்றில் தெரிகின்றன. அங்கே உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒளியை வளைக்க ஒன்றும் இல்லை. அங்கே ஒரு புள்ளி நகர்ந்திருந்தால் அது முழுக்க என் விரலின் வேலை. அதை அளந்து மொத்தத்திலும் கழித்துவிட்டால் மிஞ்சுவது உப்பின் வேலை.

அந்த ஓரப் பட்டைகளைத்தான் தேவையில்லாதவை என்று முதல் வேலையாக வெட்டி எறிந்திருந்தேன். மூலப் படங்களை அழிக்காமல் விட்டிருக்கிறேன். சோம்பேறித்தனத்தால்.

நவம்பர் 8, சனி

குற்றாலிங்கத்திடம் நானே சொன்னேன், பத்து மணிக்குச் சொல்லிவையுங்கள் என்று. சொல்லிவைத்து நான்கு நாளாகிறது என்றார். அந்த மனிதரை என்ன செய்வது.

சொட்டு மருந்து விட்டு ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். எதிர்ச் சுவரில் இருந்த படங்களெல்லாம் கரைந்துபோயின. அப்போதுதான் குற்றாலிங்கத்திடம் சொன்னேன், அம்மாவுக்கும் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் கண்ணில் நீர் அழுத்தம், போன பார்வை திரும்பாது என்று சொன்னார்கள், கூடப் போனவள் நான்தான், அந்தப் பயத்தில்தான் வராமல் இருந்தேன் என்று. தெரியும் என்றார். ஆறு மாதமாகத் தெரியும் என்றார். என் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு டோக்கனைப் பார்த்தபடியே சொன்னார்.

டாக்டரம்மாவுக்கு ஆதிரையைவிடப் பத்து வயதுதான் கூட இருக்கும். அழுத்தம் சரியாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு இருப்பதால் வருடம் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றாள். “வெறும் வெள்ளெழுத்துதான் மேடம். நாப்பது தாண்டினா எல்லாருக்கும் வர்றது. ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?”

ஒன்றரை பவர். இதற்குத்தான் ஒரு அட்டெண்டரை இடம் மாற்றினேன்.

வீட்டில் பேச்சித்தாயின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவள் பட்டியலை எடுத்துப் படித்தேன். பென்சில் எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. கடைசி வரி: ‘மேடம் டீ கிளாஸ் ஜன்னல் ஓரம் வைக்காதீங்க, ரெண்டு தடவ தட்டி விட்டுட்டீங்க.’

சமையலறை விளக்கு கண்ணைக் கூசுகிறது.

நவம்பர் 10, திங்கள்

முதல்வருக்கு இரண்டாவது கடிதம். கருவியில் கைவைத்தது நான்தான், பேச்சித்தாய்மீது சொன்னது தவறு. மூன்று வரி. நான்கு வரியைவிட மூன்று வரிக்கு அதிக நேரம் பிடித்தது. முதல்வர் படித்துவிட்டு, முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மட்டும் எழுதினால் போதாதா, காரணமெல்லாம் எதற்கு என்றார். காரணத்தோடுதானே அனுப்பினேன் என்றேன்.

கிடங்குக்குப் போய்க் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு நாளாக அவள் வேறொன்றைப் போட்டுச் சமாளித்திருக்கிறாள். மறுபடி எங்கள் ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். தவறு என்னுடையது என்றும் சொன்னேன். அவள் குடுவையைக் கவிழ்த்து வைத்தாள்.

“இருக்கட்டும் மேடம். இங்க ஒரு எடஞ்சலும் இல்ல. யாரும் என்னையச் சந்தேகப்படல.”

திரும்பி வந்து ஆய்வகத்தை நானே கூட்டினேன். மேசையில் இடித்துக்கொண்டேன்.

நவம்பர் 19, புதன்

ஓரப் பட்டைக் கணக்கு வேலை செய்கிறது. மொத்தம் இருபத்தாறு நாள் படங்கள். நான்கு மட்டும் தேறவில்லை, உண்மையிலேயே மங்கலாக எடுத்துவிட்டேன். மீதி எல்லாவற்றிலும் அம்புகள் மேல்கீழாக வந்து நின்றுவிட்டன. சாரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னேன். நடந்ததை அப்படியே பிழைகள் பகுதியில் எழுது என்றார். எழுதாமல் கழித்தால் அது திருத்தமாகாது என்றார். இதையும் அவர் சொல்லித்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டுமா. எரிச்சல் வந்தது. ஏனென்றால் நேற்று முழுவதும் எழுதாமல் விட முடியுமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 27, வியாழன்

பக்கம் 143: பிழைகள். அதில் லென்சின் படம் ஒன்று. இரண்டாய்ப் பிரிந்த பொட்டு, நடுவே நான் கோடு போட்டு அளந்த கோணம். கீழே ‘சிவப்புக் குறி’ என்று ஆங்கிலத்தில் எழுதி, வைத்தவர் ஆய்வக உதவியாளர் பேச்சித்தாய் என்றும் போட்டிருக்கிறேன். சார் எதிர்க்கவில்லை.

மாலை அச்சடித்த தாளை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன். பேச்சித்தாய் கண்ணாடியைப் போட்டு வெகுநேரம் பார்த்தாள். போட்டோ பிடிப்பார்கள் என்று தெரிந்திருந்தால் இன்னும் வட்டமாக வைத்திருப்பேன் என்றாள். தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சொன்னேன்.

“குறியா? அது குங்குமம்லா மேடம்.”

ஆய்வேட்டில் அப்படி எழுத மாட்டார்கள் என்றேன்.

“நான் குங்குமம்தான வச்சேன்,” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

நவம்பர் 28, வெள்ளி

பைண்டிங் கடைக்காரர் எட்டு மணிக்குக் கடை திறந்தார். ஒரு பக்கத்தை மட்டும் மாற்ற வேண்டும் என்றேன். ஐந்து பிரதியையும் பிரிக்க வேண்டுமே, ஒரு வார்த்தைக்காகவா என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம் என்றேன்.

மூன்று ஐம்பதுக்குக் கொடுத்தேன். வரவேற்பு மேசையில் இருந்தவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே வந்து 143இல் நின்றார். ஆங்கில எழுத்துகளில் அந்தச் சொல்லை மெல்லக் கூட்டிப் படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு முத்திரை குத்தினார்.

திரும்பி வந்தபோது, காலையில் பூட்டாமல் விட்டுப்போன ஆய்வகம் பெருக்கியிருந்தது. என் டீ கிளாஸ் ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்து மேசை நடுவில் வைக்கப்பட்டிருந்தது. கதவில் ஒட்டியிருந்த நான்கு தாளில் ஒன்றைக் காணவில்லை. கண்ணாடியைப் போட்டு வாசித்தேன்: ‘கேமராவை யாரும் தொடக்’ வரைதான் இருக்கிறது.

நான் அதை மறுபடி ஒட்டப் போவதில்லை.